ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம்?

2016-இல் ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் 247 மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு வேலை செய்தன. ஒவ்வொன்றும் ஒரு வாரம் வைத்துக்கொண்டு, அந்த வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு வந்த பெரியவர்கள் எல்லோரையும் பின்தொடர்ந்தன. மொத்தம் 11,422 பேர். சராசரி வயது நாற்பதைக்கூடத் தொடவில்லை. மூன்றில் ஒன்று சிசேரியன். வயதும் குறைவு, கூடவே இருக்கும் நோய்களும் குறைவு என்றால் சீக்கிரம் தேறியிருக்க வேண்டும். ஆனால் இறந்தவர்கள் 2.1 சதவீதம், உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு.

கத்தி பிடித்த கையைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் இறந்த 239 பேரில் 225 பேர் ஆபரேஷன் நடந்த நாளைத் தாண்டித்தான் இறந்தார்கள். அதாவது, பெரும்பாலும் வார்டில்.

தையல் போட்ட பிறகு உள்ளே இரத்தம் கசிகிறது என்று வையுங்கள். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம். அதில் முக்கால் லிட்டர் போனதும் நாடித்துடிப்பு நூறைத் தாண்டத் தொடங்கும். கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைத் திருப்பிவிடும். இந்தச் சமாளிப்பால் பிபி கருவி நார்மல் என்றே காட்டும். ஒன்றரை லிட்டர் அளவுக்குப் போன பிறகுதான் பிபி சரியும். பிரசவித்த பெண்ணுக்குக் கர்ப்பகாலத்திலேயே இரத்தம் கூடியிருப்பதால் அறிகுறி இன்னும் தாமதம். காப்பாற்றும் அவகாசம் நாடி ஏறுவதற்கும் பிபி விழுவதற்கும் நடுவில்தான் இருக்கிறது. ராத்திரி யாராவது வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

யார் பார்ப்பது? சர்ஜன், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் மூவரையும் சேர்த்தே அந்த மருத்துவமனைகளில், அவற்றை நம்பியிருக்கும் மக்களில் லட்சம் பேருக்கு 0.7 பேர்தான். குறைந்தது 20 பேராவது வேண்டும் என்பது கணக்கு.

சரி, கவனிப்பைக் கூட்டினால்? அதையும் ஆப்பிரிக்காவிலேயே சோதித்தார்கள். ஆபத்து அதிகமுள்ள நோயாளியின் கட்டிலை நர்ஸ் மேசைக்கு எதிரே போடுவது, அடிக்கடி நாடி பார்ப்பது, குடும்பத்தார் கூடவே இருக்க விடுவது என்று எளிய ஏற்பாடுகள்தான். 2021-இல் வந்த முடிவு, இறப்பு குறையவில்லை. எனக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. நாடி ஏறியதைக் கண்டுபிடித்த நர்ஸ் அடுத்து என்ன செய்வார்? ஏற்ற இரத்தம் வேண்டும், வயிற்றைத் திரும்பத் திறக்க ஆள் வேண்டும், தியேட்டரில் கரண்ட் வேண்டும்.

ஆப்பிரிக்கக் கணக்கெடுப்பில் அதிகம் தென்பட்ட சிக்கல் தொற்று. அதற்கு மட்டும் சின்ன வழி ஒன்று பலித்திருக்கிறது. வயிற்று ஆபரேஷன் முடிந்து தையல் போடுவதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றிவிடுவது. கானா, ருவாண்டா, நைஜீரியா, இந்தியா உள்பட ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் பார்த்ததில், காயத்தில் சீழ் பிடிப்பது 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது.