கீழே சென்ட், மேலே சோபா

1880களில் ஒரு அமெரிக்கத் துணிக்கடை. ஒரு பெண்மணி ஒரு கஜம் ரிப்பன் வாங்குகிறார். கவுண்டரில் இருப்பவர் மரப்பந்து ஒன்றைத் திறந்து, காசையும் சீட்டையும் உள்ளே வைத்து மூடி, பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கிறார். பந்து மேலே ஏறித் தலைக்கு மேல் ஓடும் தண்டவாளத்தில் உட்காருகிறது. தண்டவாளம் லேசாகச் சரிந்திருப்பதால் பந்து கடகடவென்று உருண்டு, கடையின் மறுகோடியில் இருக்கும் கல்லாவுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே இருப்பவர் கணக்கைச் சரிபார்த்து, மீதிச் சில்லறையை அதே பந்தில் வைத்து, எதிர்ப்பக்கம் சரியும் இன்னொரு தண்டவாளத்தில் விடுகிறார். பந்துகள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொரு கவுண்டருக்கும் ஓர் அளவு. தன் அளவுக்கான திறப்பு வந்ததும் பந்து இறங்கிவிடும், மற்றவை தாண்டிப் போய்விடும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான்.

இதைச் செய்தவர் மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் கடை வைத்திருந்த வில்லியம் ஸ்டிக்னி லாம்சன். பலவகைப் பொருள்களையும் ஒரே இடத்தில் விற்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்காக உருவான கருவிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பந்துதான். ஏனென்றால் இப்படிப்பட்ட கடையின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. கடை பெரிதாகிவிட்டது. ஆளையும் சரக்கையும் காசையும் அதற்குள் எப்படி நகர்த்துவது?

பந்து வருவதற்கு முன் காசைச் சுமந்து ஓடியவர்கள் சிறுவர்களும் சிறுமிகளும். விற்பனையாளர் "கேஷ்!" என்று குரல் கொடுக்க, பிள்ளைகள் கவுண்டருக்கும் கல்லாவுக்கும் நடுவே நாள் முழுக்க ஓடுவார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் குழாயும் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கர் 1880ல் காற்றுக்குழாய் முறையைத் தன் கடையில் வைத்தார். அடித்தளத்தில் ஒரு விசிறி இயந்திரம் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சும். இரண்டு முனையிலும் கம்பளித் துணி சுற்றிய சிறு உருளைக்குள் காசைப் போட்டுக் குழாயின் வாயில் வைத்தால், பின்னாலிருக்கும் காற்றின் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். இன்றும் பல மருத்துவமனைகளில் ரத்த மாதிரிகள் வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு இதே முறையில்தான் பறக்கின்றன.

அவரவர் கவுண்டரிலேயே ஒரு பெட்டியில் காசை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? வைத்துக்கொண்டால், எவ்வளவு விற்றது என்பதற்கு விற்றவரின் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. காசு இன்னொருவர் கையில் போய்த் திரும்பினால் ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு பேர் கணக்கு. எந்தத் துறையில் எவ்வளவு வந்தது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். டிபார்ட்மென்ட் என்ற சொல்லின் பொருளே அதுதான்: கூரை ஒன்று, கணக்கு பல. இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த பெயின்பிரிட்ஜ் கடையை உலகின் முதல் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் கட்டடத்தின் அளவு இல்லை. 1849லேயே அங்கே வார வரவைத் துறைவாரியாக எழுதிய பேரேடு இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு கூட்டம் எப்படி வந்தது? பாரிஸின் லெ பான் மார்ஷே கடையில் அரிஸ்டிட் பூசிகோ 1852ல் பங்காளியாகச் சேர்ந்தார். எல்லாப் பொருளிலும் விலைச்சீட்டு, பேரம் கிடையாது, வாங்காமல் சும்மா சுற்றிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கொண்டுவந்தார். இதை அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்வது கொஞ்சம் மிகை. ஜப்பானின் எடோ நகரில் மிட்சுய் குடும்பம் 1673ல் திறந்த எச்சிகோயா துணிக்கடை ரொக்கம், ஒரே விலை என்ற கொள்கையில்தான் நடந்தது. அந்தக் கடைதான் பிற்பாடு மிட்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஆனது.

ஒரே விலை என்பது ஏதோ நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம்போலத் தோன்றும். உண்மையில் அது வேகம் சம்பந்தப்பட்டது. பேரம் பேசத் திறமை வேண்டும், நேரம் வேண்டும். விலைச்சீட்டு இருந்தால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட விற்கலாம். வேகம் கூடினால் லாபக் கணக்கே மாறும். சரக்குக்குப் போட்ட முதல் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 லாபம் வைத்து வருடத்துக்கு ஒரு முறை விற்றுத் தீர்த்தால் கையில் 40. வெறும் 15 லாபம் வைத்து, மலிவு என்பதாலேயே வருடத்துக்கு நான்கு முறை விற்றுத் தீர்ந்தால் கையில் 60. அதே முதல், அதே அலமாரி. ஆனால் சரக்கு நான்கு மடங்கு வேகமாக ஓட, கடைக்குள் ஆட்களும் அதற்கேற்ப வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அவ்வளவு பேருக்கும் இடம் வேண்டுமே. நகரின் நடுவே நிலம் விலை அதிகம் என்பதால் கடை மேல்நோக்கித்தான் வளர முடியும். இங்கே இரண்டு தடைகள். முதலாவது இருட்டு. கேஸ் விளக்கில் வெப்பமும் தீ அபாயமும் உண்டு, துணியின் நிறமும் சரியாகத் தெரியாது. அதனால்தான் கட்டடத்தின் நடுவில் கிணறுபோல ஒரு வெட்டவெளியை விட்டு, மேலே கண்ணாடிக் கூரை போட்டார்கள். இரும்புச் சட்டகம் வந்ததால் கனத்த சுவர்கள் தேவைப்படவில்லை. லெ பான் மார்ஷேயின் இரும்பு வேலையில் குஸ்தாவ் ஐஃபெலின் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. பாரிஸின் காலரி லஃபாயெத்தில் 1912ல் முடிந்த வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் 43 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் எல்லா மாடிகளும் கண்ணில் படும், ஏறவும் தோன்றும். பின்னாளில் மின்விளக்கும் குளிர்சாதனமும் வந்ததும் இந்தக் கிணறுகள் வீண் இடமாகத் தெரிந்தன. பல கடைகள் தளம் போட்டு மூடிவிட்டன. குளிர்சாதனத்தின் கதையும் இங்கேதான் வருகிறது. டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் கடையில், மலிவு விற்பனைக்கென்றிருந்த அடித்தளத்தில் கூட்டமும் புழுக்கமும் தாங்காமல் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். 1924ல் கேரியர் நிறுவனத்தின் குளிரூட்டிகள் அங்கே வந்தன.

இரண்டாவது தடை மாடிப்படி. இரண்டு மாடிக்கு மேல் யார் ஏறுவார்கள்? நியூயார்க்கின் பிராட்வேயில் பீங்கானும் கண்ணாடிச் சாமான்களும் விற்ற ஹாவுட் கடையில், 1857 மார்ச்சில் எலிஷா ஓட்டிஸ் தன் பயணிகள் லிஃப்டைப் பொருத்தினார். கயிறு இழுவிசையில் இருக்கும்வரை ஒரு வில் வளைந்தே இருக்கும். கயிறு அறுந்தால் வில் விரிந்து, இருபுறமும் இருக்கும் பற்களில் போய் மாட்டிக்கொள்ளும், கூண்டு விழாது. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 மீட்டர். படியில் ஏறினாலே முந்திவிடலாம். ஆனாலும் மேல்மாடிக்கு முதல்முறையாக ஒரு விலை கிடைத்தது.

லிஃப்டில் ஒரு குறை. ஒரு கூண்டில் 15 பேர், போய்வர 2 நிமிடம் என்றால் மணிக்கு 450 பேர்தான். ஒரு மீட்டர் அகலப் படியுள்ள எஸ்கலேட்டர் மணிக்கு 6,000 பேர்வரை தூக்கும். காத்திருக்கவும் வேண்டாம். லண்டனின் ஹாரட்ஸ் 1898ல் தோல் பட்டையாலான நகரும் பாதை ஒன்றை வைத்தபோது, மேலே போய்ச் சேர்ந்தவர்களின் படபடப்பைத் தணிக்கப் பிராந்தி கொடுத்தார்களாம். நியூயார்க் மேசீஸில் பழைய மரப்படி எஸ்கலேட்டர்கள் சில இன்னும் ஓடுகின்றன.

எஸ்கலேட்டரை எங்கே வைப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் மாடியில் இறங்கியதுமே பக்கத்தில் அடுத்தது தொடங்கினால், நீங்கள் நேராக மேலே போய்விடுவீர்கள். அடுத்தது எதிர்க்கோடியில் தொடங்கினால், ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் நடந்தே ஆக வேண்டும். அந்த நடைபாதையின் இருபுறமும் எதை அடுக்கியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை சுற்றி நடக்க நேர்ந்தால், கட்டடக் கலைஞரைத் திட்டாதீர்கள்.

மாடிகளின் வரிசையும் இப்படித்தான். வாசலுக்குப் பக்கத்தில் சென்ட், லிப்ஸ்டிக், கைப்பை. சின்னப் பொருள், பெரிய லாபம், யோசிக்காமல் வாங்கக்கூடியது. சதுர அடிக்கு அதிகம் சம்பாதிப்பது அதிகக் கால்கள் படும் இடத்தில் உட்காருகிறது. சோபாவும் கட்டிலும் மேலே. இடத்தை அடைக்கும், மெதுவாக விற்கும். ஆனால் சோபா வாங்குகிறவர் அதற்காகவே வந்தவர், எத்தனை மாடி என்றாலும் ஏறுவார்.

இதில் ஜப்பானியர்கள் ஒரு படி மேலே போனார்கள். ரயில் நிறுவனங்களே நிலையத்தின் மேல் கடை கட்டின. ஒசாகாவின் உமேதா நிலையத்தில் ஹான்க்யூ ரயில் நிறுவனத்தின் கடை 1929ல் திறந்தது. உச்சிமாடியில் உணவகம், கண்காட்சி, மொட்டைமாடியில் குழந்தைகளுக்கு விளையாட்டு. மேலே போனவர்கள் இறங்கும்போது மாடி மாடியாக நின்று வாங்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஷவர் விளைவு. அடித்தளத்தில் உணவுக் கடைகளை வைத்தால் கூட்டம் கீழிருந்து மேலே பொங்கும். அது நீரூற்று விளைவு. கடையைத் தண்ணீர்க் குழாயாகப் பார்த்த இந்தப் பார்வையைவிடச் சரியான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆட்களை ஓட வைப்பதற்காகக் கட்டடத்தையே வெட்டினால் என்ன ஆகும்? சியோலின் சம்பூங் கடை. உத்தரங்கள் இல்லாமல், தளத்தின் எடை நேராகத் தூண்களில் இறங்கும் அமைப்பு. 80 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டிய தூண்கள் 60 சென்டிமீட்டரில் நின்றன. எஸ்கலேட்டருக்காகச் சில தூண்களை எடுத்தார்கள். கனமான உணவகங்களோடு ஐந்தாவது மாடியைச் சேர்த்தார்கள். கூரையிலிருந்த குளிர்சாதன இயந்திரங்களைத் தூக்கி வைக்காமல் இழுத்தே நகர்த்தினார்கள், கூரை விரிசல் விட்டது. உத்தரம் இல்லாத தளத்தில் தூண் மெலிந்தால், பேனா காகிதத்தைக் குத்துவதுபோலத் தூண் தளத்தைத் துளைத்துவிடும். ஒரு தூண் விட்ட எடை பக்கத்துத் தூணுக்குப் போகும், அதுவும் தாங்காது. 1995 ஜூன் 29 காலையிலேயே விரிசல்கள் தெரிந்தன. மேல்மாடியை மட்டும் மூடிவிட்டு மற்ற மாடிகளில் வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். மாலை 6 மணிக்குச் சற்று முன் கட்டடம் சில நொடிகளில் இறங்கியது. 502 பேர் இறந்தார்கள்.

மற்றக் கடைகள் இவ்வளவு வேகமாக விழவில்லை. அவற்றைத் தாங்கியது ஒரு துறை இன்னொரு துறைக்குச் சோறு போடும் ஏற்பாடு. சென்ட்டின் லாபத்தில் சோபாவின் மாடி ஓடும், சோபாவுக்கு வந்தவர் சென்ட்டும் வாங்குவார். பொம்மைக்கும் மின்சாதனத்துக்கும் தனிப்பெரும் கடைகள் வந்து ஒவ்வொரு துறையாகப் பிடுங்கிக்கொண்டன. அப்புறம் இணையம். ஒரு துறை போனதும் அந்த மாடிக்கு வரும் கால்கள் குறையும், அது மற்ற மாடிகளையும் பாதிக்கும். கட்டடத்தின் செலவு மட்டும் குறையாது.

இன்னொரு வேட்டு கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் 2005ல், முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்தபோது, சொந்தமாக இருந்த 23 கடைக் கட்டடங்களை ஏறத்தாழ 49.5 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அதே கட்டடங்களில் நீண்டகாலக் குத்தகைக்குக் குடியேறியது. நல்ல காலத்தில் வாடகை உறுத்தாது. விற்பனை சரிந்தபோதும் குத்தகை அசையாமல் நின்றது. 2021 மே மாதம் கடைசிக் கடையும் மூடியது. கனடாவின் ஈட்டன்ஸ் 1999ல் திவால், அமெரிக்காவின் சியர்ஸ் 2018ல். 1670ல் தொடங்கிய கனடாவின் ஹட்சன்ஸ் பே நிறுவனம் 2025ல் தன் கடைகளை எல்லாம் மூடியது. நியூயார்க்கில் லார்ட் அண்ட் டெய்லரின் 1914 ஆம் ஆண்டுக் கட்டடத்தை 2020ல் வாங்கியவர் யார் தெரியுமா? அமேசான்.

பிழைத்திருப்பவற்றில் சிட்னியின் டேவிட் ஜோன்ஸ் 1838லிருந்து நடக்கிறது. பல கடைகள் விற்பதை விட்டுவிட்டு இடம் கொடுப்பவர்களாக மாறிவிட்டன. ஜப்பானிய முறையில், அலமாரியில் இருக்கும் பொருள் விற்கும் நொடிவரை உற்பத்தியாளருக்கே சொந்தம். வாடிக்கையாளர் காசு கொடுக்கும் அதே நொடியில் கடை அதை வாங்கி, விற்றதாகவும் எழுதிக்கொள்ளும். தேங்கும் சரக்கின் நஷ்டம் கடைக்கு இல்லை. அதற்கேற்ப லாபமும் குறைவு.

கடை மூடும்போது அதன் கடைசி வாரங்களைக் கவனித்தால் எல்லாம் தலைகீழாக நடப்பது தெரியும். முதலில் உச்சிமாடிக்குக் கயிறு கட்டுவார்கள். மிச்சமிருக்கும் சரக்கு ஒரு மாடி கீழே வரும். பிறகு அந்த மாடிக்கும் கயிறு. எஸ்கலேட்டர்கள் ஒவ்வொன்றாக நிற்கும். சென்ட் இருந்த கவுண்டரில் போர்வையும் ஒற்றைச் செருப்பும் கிடக்கும். கடைசியில் அலமாரிகளுக்கும் துணியில்லாத பொம்மைகளுக்கும் சீட்டு ஒட்டுவார்கள். அந்தச் சீட்டில் இருக்கும் விலைக்குப் பெரும்பாலும் பேரம் உண்டு.