ரிடண்டன்ட்: மிகையா, கூறியது கூறலா?

"அண்ணை, ரிடண்டன்ட் குளோபல் எண்டா தமிழில என்ன?" போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார். லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் ஒன்றை, அதாவது சாதனத்தை இயக்கும் நிரல் ஒன்றைத், துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். "தேவையற்ற பொது மாறி" (பொது மாறி எண்டால் நிரல் முழுக்கப் பயன்படுத்தக்கூடிய, பெயரிட்ட மதிப்பு) என்று சட்டென்று சொல்லிவிட்டேன், பிறகு யோசித்தால் அது அரைகுறைப் பதில்.

லத்தீனில் 'உண்டா' என்றால் அலை (நம் 'உண்டா, இல்லையா' இல்லை!). அதிலிருந்து வந்த 'ரெடுண்டாரே' என்பது கொள்ளாமல் பொங்கி வழிவது. மார்கழியில் வாடை அடிக்கும்போது திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் ஏறி வழியும் தண்ணீரைப் பார்த்த திருமலைக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அபண்டன்ட் என்ற சொல்லும் இதே அலையில் பிறந்ததுதான்.

அந்த வகையில் 'மிகை' பொருந்தும். ஆனால் டிரைவருக்குள் நடப்பது வேறு. டிரைவரை, அதாவது இயக்கியை, கர்னல் ஒருமுறைதான் ஏற்றும், அதனால் அதன் பொது மாறிக்கும் ஒரே பிரதிதான். சாதனங்கள் இரண்டு செருகியிருந்தாலும் அப்படியே. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக ஒரு ஸ்ட்ரக்ட் (அதன் விவரங்களை ஒன்றாகக் கட்டி வைத்த தொகுப்பு) இருக்க, அதிலே உள்ள அதே அமைவைப் பொது மாறியிலும் எழுதி வைத்தால் அது நன்னூல் பத்துக் குற்றங்களில் சொல்லும் 'கூறியது கூறல்'. இரண்டாவது சாதனம் வந்து அந்தப் பொது மாறியை மாற்றி எழுதிவிட்டால், முதல் சாதனத்தின் ஸ்ட்ரக்ட் ஒன்று சொல்ல, பொது மாறி இன்னொன்று சொல்லும். அப்போது அது 'மாறுகொளக் கூறல்' ஆகிவிடும், பிழை தேடி இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியதுதான். ஸ்டாட்டிக் மாறிக்கு (நிரல் ஓடி முடியும்வரை நிலைத்திருக்கும் மாறி) வலிந்து பூச்சியம் கொடுப்பதும் கூறியது கூறலே, சி மொழி அதைத் தானாகவே பூச்சியமாக்கிவிடும். ஆனால் அது ஆளைக் கடிக்காது.

ஆகவே என் தெரிவு: பொதுவாக 'மிகை', நிரலில் இப்படி இரட்டிப்பாகக் கிடப்பதற்கு 'கூறியது கூறும் மாறி'. கொஞ்சம் நீளம்தான், இருந்தாலும் குற்றம் எங்கே என்று பெயரிலேயே தெரிகிறது. ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்கில் வேண்டுமென்றே வைப்பதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள், அதை மட்டும் மிகை என்று எழுதிவிடாதீர்கள், அது 'காப்புப் பிரதி'.

தம்பி பொது மாறிகளை அழித்து, வாசிக்கும் இடங்களையெல்லாம் ஸ்ட்ரக்ட் பக்கம் திருப்பிவிட்டார். "நன்னூலை பேட்ச் குறிப்பில போடட்டா?" என்று, அந்தத் திருத்தத்தோடு அனுப்பும் விளக்கக் குறிப்பைப் பற்றிக் கேட்டார். போடச் சொன்னேன்.