மருந்துச் சீட்டில் அரிசியும் பருப்பும்

சென்னை மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய சானடோரியம்தான் இன்றும் அந்த நிலையத்தின் பெயரில் இருக்கிறது. டிபிக்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, வயிறாரச் சாப்பாடு. சிகிச்சை என்றால் இவ்வளவுதான்.

1940-களில் மருந்து வந்தது. ஆனால் இத்தனை நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? இதற்கு விடை தேடி 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் அதில் சேர்ந்திருந்தன. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் இருந்தார்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மருந்து சாப்பிட்டார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான். 1959-இல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் பிறகு உறுதியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஏழை நாடுகளுக்கு அது பெரிய விடுதலை.

கூடவே ஒரு தவறான பாடத்தையும் பலர் எடுத்துக்கொண்டார்கள்: மாத்திரை ஒழுங்காகப் போனால் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று. மருந்து கிருமியைக் கொல்கிறதா என்பதற்குத்தான் சென்னை ஆய்வு பதில் சொன்னது. கிருமி இருக்கிற உடம்பில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய் கிளம்புகிறது என்பது வேறு கேள்வி.

டிபி கிருமி உள்ளே போன எல்லோரும் நோயாளி ஆவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்களிடம் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றிக் கோட்டை கட்டி அடைத்துவைக்கின்றன. அந்தக் கோட்டையைக் காவல் காக்கப் புதிய அணுக்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவற்றை உண்டாக்கப் புரதமும் சக்தியும் வேண்டும். பட்டினி கிடக்கும் உடம்பில் காவல் தளர்கிறது, கிருமி வெளியே வருகிறது. வந்தபின் காய்ச்சல் இருக்கிற சக்தியையும் எரிக்கிறது, பசி செத்துப்போகிறது. மெலிந்ததால் நோய், நோயால் மேலும் மெலிவு.

இதைச் சோதிக்க ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்தினார்கள். அந்தப் பழைய சென்னை மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதுவும் இதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை கிடைத்தது. பாதிக் குடும்பங்களில் மட்டும் மற்றவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் என்று கொடுத்தார்கள். உணவு போன குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு தடுப்பூசி இந்த அளவு வேலை செய்திருந்தால் தலைப்புச் செய்தி ஆகியிருக்கும். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாகும் அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது.

இப்படிப்பட்ட அறிவு ஒரு சுகாதாரத் துறையின் அன்றாட வேலையை எப்படி மாற்றும்? தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ நல்ல உதாரணம். நோய் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். லேப் எதுவும் வேண்டாம். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 14 என்றால், 160 செ.மீ. உயரமுள்ள பெண் 36 கிலோ எடை இருக்கிறார் என்று அர்த்தம். முன்பு அவரிடமும் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது ஆபத்தில் இருப்பவர் என்று அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்த்து, சத்துணவோடு சிகிச்சை தருகிறார்கள். மெலிவை ஒரு மருத்துவ அவசரமாகப் பார்க்கத் தொடங்கியது சின்ன மாற்றம் இல்லை.

ஒன்றிய அரசு 2018 ஏப்ரலிலிருந்து சத்தான சாப்பாட்டுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டுவந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பை தரலாம் என்ற அறிவிப்பும் அதையொட்டியே வந்தது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் படுத்துவிட்ட வீட்டில், வந்த பணம் அத்தனை பேரின் வயிற்றுக்கும்தான் போகும். அதில் நோயாளியின் தட்டில் மட்டும் முட்டை வைக்கச் சொல்லி எந்தத் தாயிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே தெருமுனையில் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி இலவசம், துவரம்பருப்பு மானிய விலையில் கிலோ 30 ரூபாய். அரிசி பசியாற்றும், ஆனால் குறைவது புரதம். டிபி உறுதியான வீட்டின் குடும்ப அட்டையில் சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கு மட்டும், தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பைக் கூடுதலாகப் பதிந்து கொடுக்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம், புது அலுவலகம் வேண்டாம். சுகாதாரத் துறையும் உணவுத் துறையும் ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.