திருநங்கை, திருநம்பி, திருநர்: எது யாருக்கு?

மதுரை செல்லூரில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு ஒருவர் வருவார். கரகரத்த குரல், முழுக்கைச் சட்டை, பையில் பேனா. ஒருநாள் டீ மாஸ்டர், மரியாதையாகத்தான், "இவங்க திருநங்கை சார்" என்றார். வந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நான் திருநம்பி. நங்கை இல்ல" என்றார். மாஸ்டருக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. பலருக்கும் அப்படித்தான்.

பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. எல்லாரையும் சேர்த்துச் சொல்லத் திருநர். ஆக, 'டிரான்ஸ்ஜெண்டர்' என்பதற்கு நேரான தமிழ் திருநர்தான். செய்திகளில் எல்லாரையும் திருநங்கை என்றே எழுதுவது பிழை.

'திரு' என்றால் செல்வம், அழகு, மேன்மை. 'நங்கை' எனக்கு மிகவும் பிடித்த சொல். பழந்தமிழில் என் தங்கை எங்கை, உன் தங்கை நுங்கை. என் தம்பி எம்பி, உன் தம்பி உம்பி. இதே அச்சில் 'நம்' முன்னால் வந்தால் நம்பி, நங்கை. நம்மவன், நம்மவள். ஆடவரில் சிறந்தவன், பெண்டிரில் சிறந்தவள் என்ற பொருளும் இவற்றுக்கு உண்டு. ஒதுக்கி வைத்தவர்களுக்கு உறவுச் சொல்லின் சாயலிலேயே பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

பழைய சொற்கள் அப்படி இல்லை. தொல்காப்பியம் 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்கிறது. பேடி, அலி என்பவையும் வழங்கின. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் பேடி உருவில் நிற்கும் அர்ச்சுனனைப் பாருங்கள்: முகத்தில் தாடி, மார்பில் முலை, இரண்டையும் ஒரே உளி செதுக்கியிருக்கிறது. அந்தக் கல்லில் ஏளனம் இல்லை. பின்னாளில் அந்தச் சொற்களில்தான் ஏறிக்கொண்டது. இன்று யாரையும் அப்படி அழைக்கக் கூடாது. ஒன்று சொல்ல வேண்டும்: தொல்காப்பியர் இவர்களை உயர்திணையில்தான் வைத்தார். "அது வருது பார்" என்று பேசுகிறவர்களுக்கு இலக்கணமும் துணை நிற்காது.

அடுத்து வந்தது அரவாணி. நம் ஊரில் அழகர் ஆற்றில் இறங்கும் அதே சித்திரை முழுநிலவை ஒட்டித்தான் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. அங்கே திருநங்கையர், பாரதக் கதையில் களப்பலியான அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே அறுக்கிறார்கள். அந்த வழிபாட்டுக்கு அது சரியான பெயர். ஆனால் கூவாகம் போகாதவரை, வேறு மதத்தவரை அப்படி எப்படி அழைப்பது? திருநம்பிக்கோ அது சுத்தமாகப் பொருந்தாது. 2008 ஏப்ரல் 15 அன்று, கருணாநிதி ஆட்சியில், தமிழக அரசு நல வாரியம் அமைத்த காலத்திலிருந்து திருநங்கை என்ற சொல் நிலைபெற்றது.

'மூன்றாம் பாலினம்' என்பதும் காதில் விழும். 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்பதில் எது தன்னுடையது என்று முடிவுசெய்யும் உரிமை அந்தந்த நபருக்கே என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பல திருநங்கையர் தங்களைப் பெண் என்றே சொல்கிறார்கள். அவர்களை மூன்றாவது வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தபோது, 2019 ஏப்ரலில், இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பானது. ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னதில் ஒரு கல்யாணம் பதிவானது.

பேச்சில் இவ்வளவு இலக்கணம் வேண்டாம். திருநங்கை என்றால் அக்கா, தங்கச்சி. திருநம்பி என்றால் அண்ணே, தம்பி. சந்தேகம் இருந்தால், "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டுவிடலாம். செல்லூர் மாஸ்டர் அன்றைக்கே கேட்டுவிட்டார். இப்போதெல்லாம், "வா தம்பி, சீனி கம்மிதானே?" என்கிறார்.