தானியக்கத்தில் வரும் ‘தான்’

ஆட்டோமேஷன் என்பதற்குத் தமிழில் தானியக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் கை வைக்காமல், முன்பே வகுத்து வைத்தபடி ஒரு வேலை நடந்து முடிவதுதான் அது. அப்படி வேலை செய்யும் கருவி தானியங்கி. ஏருக்குப் பதில் டிராக்டர் வந்தது இயந்திரமயம். அதை ஓட்ட ஆள் வேண்டும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றால் அது தானியக்கம். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

சொல்லின் வேர் கிரேக்கம். ஆட்டோமாட்டோஸ் என்றால் தன் விருப்பத்தில் இயங்குவது. ஹோமரின் இலியட்டில் ஹெஃபைஸ்டஸ் என்ற தெய்வக் கொல்லன் சக்கரம் பூட்டிய முக்காலிகள் செய்வான். தேவர்கள் கூடும் இடத்துக்கு அவை தாமே உருண்டு போய்த் திரும்பி வரும். அந்த முக்காலிகளுக்கு இந்த அடைமொழிதான். ஆட்டோமேஷன் என்ற வடிவமோ தொழிற்சாலையில் பிறந்தது. 1940களில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் டெல்மார் ஹார்டர் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் இயந்திரம் முடித்த பாகத்தை ஆள் தூக்கி வைக்காமல் அடுத்த இயந்திரத்துக்கு நகர்த்துவது, அவ்வளவுதான் அன்றைய பொருள்.

இந்த எண்ணம் நமக்கும் புதிதல்ல. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளை வரிசையாகச் சொல்லும்போது ‘வளைவிற் பொறி’ என்று ஒன்றைச் சொல்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில் என்பது அதற்குப் பழைய உரை. அந்தத் ‘தானே’தான் இன்றைய கலைச்சொல்லிலும் உட்கார்ந்திருக்கிறது.

தானியக்கமா, தன்னியக்கமா என்று ஒரு வழக்கு உண்டு. தன்னாட்சி, தன்னலம் என்பதுபோலத் தன் + இயக்கம் தன்னியக்கம் ஆகும். இலங்கைத் தமிழில் இதைப் பார்க்கலாம். தான் + இயக்கம் என்று பிரித்தால் தானியக்கம். தான் நெடிலாக இருப்பதால் ஒற்று இரட்டிக்காது. இரண்டும் பிழையில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கண்ணுக்குப் பழகிவிட்டது தானியக்கம்தான் என்பதால் என் ஓட்டு அதற்கே. அவசரமாகப் படித்தால் நெல், கம்பு மாதிரி தானியம் சம்பந்தப்பட்டதுபோலத் தெரியும், அது ஒரு குறை.

கேள்வி என்னவென்றால், யார் அந்தத் ‘தான்’? கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் இருக்கிறது. பென்ஷன் வரும் நாட்களில் அதன் முன்னால் வரிசை. புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பி நுழைப்பது என்று பாதிப் பேருக்குப் புரிவதில்லை. இயந்திரம் புத்தகத்தைத் துப்பும், மறுபடி கேட்கும். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் எழுந்து வருவார். “ஆயா, கோடு கோடா ஒட்டியிருக்குதுல்ல, அந்தப் பக்கம் உள்ள போவணும்.” “எனக்கு எங்க தெரியுது, நீயே வையி தம்பி.” காலையிலிருந்து மாலைவரை அச்சடித்துக் கொடுப்பது அவர்தான். முன்பு உள்ளே கிளார்க் செய்த வேலை. கிளார்க்காவது “பேரன் வேலைக்குப் போயிட்டானா?” என்று கேட்பார், கணக்கில் ஏதாவது இடித்தால் அங்கேயே சொல்லிவிடுவார். செக்யூரிட்டிக்கு அந்த அதிகாரமும் இல்லை, அதற்கான சம்பளமும் இல்லை. வேலை ஒழியவில்லை, கை மாறியிருக்கிறது. இதைத் தானியக்கம் என்பதைவிட, வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்றே நான் சொல்வேன்.

புதுச்சேரி ஆட்டோவுக்கு வருவோம். ஆட்டோ என்பதும் அதே கிரேக்க வேர்தான். அதனால் ‘தானி’ என்று மொழிபெயர்த்தார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அழகான சொல், ஆனால் அதற்குள் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுகிறாரே! வைசியாள் வீதிக்கே கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்று இன்னொரு பெயர் இருக்கிற ஊர் இது. எந்தப் பெயரைச் சொன்னாலும் பழைய ஓட்டுநர் கொண்டுபோய் விடுவார். போகிற வழியில் எது ஒருவழி, எங்கே பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து வரும். இப்போது செயலியில் புள்ளி வைத்தால் போதும், ஏறி இறங்கும்வரை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேரம் பேசிச் சண்டை போடவும் வேண்டாம், அதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் போனில் சிக்னல் போனால் வண்டியை ஓரங்கட்டி டீக்கடையில் வழி கேட்கிற புது ஓட்டுநர்களையும் பார்க்கிறேன்.

இதைத் திறனிழப்பு என்கிறோம். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இலேயே இதன் முடிச்சைக் காட்டினார். எளிய வேலையை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது திணறும் கஷ்டமான நேரத்துக்கு மட்டும் மனிதரை நிறுத்தி வைக்கிறோம். அந்த நேரத்தில் தேவைப்படும் பழக்கமோ, தினமும் அந்த எளிய வேலையைச் செய்தால்தான் வரும்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயலின் பெயர் தானே. மியான்மர் வைத்த பெயர், நம் ‘தானே’வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் இல்லாத ஏடிஎம் வெறும் இரும்புப் பெட்டி. அந்த மாதிரி நேரத்தில் கையில் காசில்லாதவருக்கு அரிசி கிடைப்பது, ஆளைத் தெரிந்து பற்று நோட்டில் எழுதிக்கொள்ளும் மளிகைக் கடையில்தான். இன்று அதே கடைகளில் பணம் வந்ததை ஒரு சின்னப் பெட்டி சத்தமாகச் சொல்கிறது. யார் கொடுத்தார்கள் என்று கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எழுதும்போது இப்படி வைத்துக்கொள்ளலாம்: செயல்முறைக்குத் தானியக்கம், கருவிக்குத் தானியங்கி, வாடிக்கையாளரே செய்துகொள்வதற்குத் தற்சேவை. பாஸ்புக் இயந்திரம் மூன்றாவது வகை. ஓட்டுநர் இருக்கிறவரை ஆட்டோ, ஆட்டோவாகவே இருக்கட்டும்.