11 மணிக்குப் பார்த்த கண் ப்ரஷர் ராத்திரி எவ்ளோ இருக்கும்?

கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற கண் நோய், இருக்கறவங்க சீட்டுல 16, 18னு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் கண் ப்ரஷர். 21க்குள்ள இருந்தா நார்மல்னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடறோம். ஆனா போளூர்லயிருந்தோ குடியாத்தத்துலயிருந்தோ பஸ் புடிச்சு வேலூர் வந்து, ஓபி வரிசையில உக்காந்துக்கினு இருந்து கண்ண காட்டறப்போ மணி 11 ஆயிடும், அந்த நம்பர் அந்த 11 மணிக்குத்தான் சொந்தம், விடியகாலை 4 மணிக்கு அதே கண்ணுல எவ்ளோ இருந்துச்சுன்னு அது சொல்லாது.

கண்ணுக்குள்ள முன்பக்கத்துல எப்பவும் ஒரு தெளிவான நீர் ஓடிக்கிட்டே இருக்கு, அழுதா வர்ற கண்ணீர் இல்ல, இது வேற. கண்ணுல நிறமா தெரியற வட்டம்தான் ஐரிஸ், அதுக்கு பின்னாடி இருக்கற சிலியரி பாடி இத பகல்ல நிமிஷத்துக்கு சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்குது. ஐரிஸும், கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியாவும் சேர்ற மூலையில ஒரு வலைத்திசு இருக்கு, அது வழியா வடிஞ்சு சின்ன ரத்தக்குழாய்ங்கள்ல போய் சேருது. சுரக்கறதும் வடியறதும் சமமா இருந்தா ப்ரஷர் சரியா நிக்கும்.

தூங்கறப்போ சுரக்கறது ஏறக்குறைய பாதியா குறைஞ்சிடுது. அப்ப ப்ரஷரும் இறங்கணும்ல? நெறைய பேருக்கு ஏறத்தான் செய்யுது, ஏன்னா படுத்துட்டா அந்த ரத்தக்குழாய்ங்கள்லயே அழுத்தம் கூடிடுது. மதகுக்கு அந்தாண்ட வாய்க்கால்ல தண்ணி ஏறி நின்னா ஏரித்தண்ணி எப்படி இறங்கும், அதே கததான். நல்ல கண்ணுலயே ஒரு நாள்ல 3லயிருந்து 6 பாயின்ட் வரைக்கும் ஏறி எறங்கும். கிளாக்கோமா கண்ணுல வடிகால் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கறதால 10க்கு மேலயும் ஆடலாம். இதே நேரத்துல ராத்திரி பிபி ரொம்ப இறங்கிட்டா பார்வை நரம்புக்குப் போற ரத்தமும் குறையும், அதனால ராத்திரி பிபி மாத்திரை போடறவங்க கண் டாக்டர்கிட்ட அத கண்டிப்பா சொல்லணும், தானா நிறுத்தக்கூடாது.

நம்ம ஊருக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். 1998ல வெளியான வேலூர் கண் ஆய்வுல, வடியற மூலையே அடைபட்டுப்போற வகை கிளாக்கோமாதான், மூலை திறந்திருக்கற வகையைவிட ரொம்ப அதிகமா இருந்துச்சு. இந்த வகையில இருட்டு பெரிய வில்லன், வெளிச்சம் குறைஞ்சா ஐரிஸ் நடுவுல இருக்கற கறுப்பு கண்பாப்பா விரியும், ஐரிஸ் மூலையில போய் நெருக்கும், சாயங்காலத்துல ப்ரஷர் திடீர்னு ஏறி தலைவலி, கண்வலி வரும், லைட்ட சுத்தி வானவில் வளையம் தெரியும். இத ஒத்தத்தலைவலின்னு விட்டுட்டு பார்வைய இழக்கறது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம், அது தடுக்கக்கூடியது. லேசர்ல ஐரிஸ்ல ஒரு சின்ன ஓட்டை போட்டாலே நெறைய பேருக்கு மூலை திறக்கும்.

நம்பர் நல்லாயிருந்தும் பார்வை சுருங்கிக்கிட்டே போகுதுன்னா, ஒரே நாள்ல பல தடவ ப்ரஷர் பார்க்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சொட்டு மருந்துலயும் வித்தியாசம் இருக்கு, டிமோலால் பகல்ல நல்லா வேலை செய்யும், ராத்திரி அவ்வளவா செய்யாது, லேட்டனோபிராஸ்ட் பகல், ராத்திரி ரெண்டு நேரத்துலயும் புடிச்சு நிறுத்தும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் மருந்த வாங்கி போடாதீங்க. சிரசாசனம் வேண்டாம், தலைகீழா நின்னா ப்ரஷர் ரெண்டு மடங்கு ஆகுது. செக்கப் அன்னிக்கு மட்டும் ஒழுங்கா சொட்டு விட்டுட்டு போனா நம்பர் அழகா வரும், டாக்டருக்கும் மருந்து நல்லா கேக்குதுன்னு தோணிடும், அதனால எந்தெந்த நாள் விட்டுப்போச்சுன்னு மறைக்காம சொல்லிடுங்க.