ஆணியைக் கரைக்கும் வெந்நீரில் குளிப்பது எப்படி?

ஜப்பானின் குன்மா மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குசாட்சு. அந்த ஊரின் ஊற்று நீரில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் ஏறக்குறைய 10 நாளில் இளைத்து மெல்லிய கம்பியாகிவிடும். அலுமினியக் காசும் தப்பாது. அதே நீரில் கழுத்தளவு மூழ்கிக் கிடக்கத்தான் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் மலையேறி வருகிறார்கள். இயற்கை தந்த வரம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நிலத்தடியிலிருந்து வருவது மனிதர் இறங்க முடியாத நீர். அதை இறங்கக்கூடிய நீராக மாற்றுவது ஊர்க்காரர்களின் வேலை. நூற்றாண்டுகளாக நடக்கும் வேலை.

ஊருக்கு மேற்கே நிற்கிறது குசாட்சு-ஷிரானே எரிமலை. இன்னும் உயிரோடு இருக்கும் மலை. 2018 ஜனவரியில் பனிச்சறுக்குத் திடலுக்குப் பக்கத்திலேயே திடீரென வெடித்து ஓர் உயிரையும் பறித்தது. அதன் அடியில் இருக்கும் பாறைக்குழம்பு நீராவியோடு கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைட்ரஜன் குளோரைடு ஆகிய வாயுக்களையும் விடுகிறது. மழையும் உருகிய பனியும் மலைக்குள் இறங்கி இந்த வாயுக்களைச் சந்திக்கும்போது கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. அந்தச் சூடான அமில நீர் வழியில் பாறைகளை அரித்து, அலுமினியம், இரும்பு போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். பாறையோடு வினைபுரிவதில் அமிலம் ஓரளவு செலவாகும். அப்படிச் செலவாகியும் மிஞ்சுவதுதான் குசாட்சுவின் விசேஷம்.

ஊர் நடுவில் வெளிவரும் நீரின் பிஎச் அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், சுமார் 2.1. எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்கு நிகர். பிஎச் அளவில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், சாதாரணத் தண்ணீரின் 7-லிருந்து 2-க்கு இறங்குவது ஒரு லட்சம் மடங்கு. ஊருக்கு மேலே பந்தாய்கோ என்றொரு ஊற்று இருக்கிறது. 1970-இல் கந்தகச் சுரங்க வேலையின்போது பீறிட்டது. அது இன்னும் மோசம்: சூடு ஏறக்குறைய 95 டிகிரி. அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைவில் வைத்தால் அதன் உக்கிரம் புரியும். அந்தச் சூட்டை வீணாக்காமல், ஊற்று நீர் ஓடும் குழாய்களுக்கு வெளியே சாதாரண நீரைச் செலுத்திக் காய்ச்சி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். தெருப் பனியை உருக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

எல்லா ஊற்றுகளும் சேர்ந்து நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல் தானாகவே பொங்கி வருகின்றன. சூடு அதிகமென்றால் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடலாமே என்று தோன்றும். குசாட்சுக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! நீரைக் கலந்தால் ஊற்றின் சத்து நீர்த்துப்போகும். அதனால்தான் ஊர் மையத்தில் ‘யுபதாக்கே’ என்ற வெந்நீர் வயல் அமைந்தது. நிமிடத்துக்கு 4,000 லிட்டர் வரை பொங்கும் நீர் ஏழு நீண்ட மரவாய்க்கால்களில் மெல்ல ஓடி, ஆவி பறக்கப் பறக்க ஆறி, கடைசியில் அருவியாக விழுகிறது. வாய்க்கால் மரத்தில் இருப்பது அழகுக்காக அல்ல, இரும்பை வைத்தால் தாங்காது. ஓடும் வழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர, மஞ்சள் கந்தகம் வாய்க்காலின் அடியில் மாவாகப் படியும். அதை அவ்வப்போது சுரண்டி, உலர்த்தி, வீட்டுத் தொட்டியில் கரைத்துக் குளிப்பதற்கென்று விற்கிறார்கள். கற்களில் ஆங்காங்கே தெரியும் பச்சை, இந்த அமிலச் சூட்டிலும் வாழப் பழகிய பாசி.

வாய்க்காலில் ஆறியும் சூடு அடங்காத தொட்டிகளுக்கு ‘யுமோமி’ என்ற புரட்டும் முறை. சுமார் 180 சென்டிமீட்டர் நீளப் பலகையைத் தண்ணீருக்குள் நட்டு, பாட்டின் தாளத்துக்கேற்ப இடமும் வலமுமாகத் திருப்பிப் புரட்டுவார்கள். இன்று அது பார்வையாளர்களுக்கான காட்சியாகவும் நடக்கிறது. ஆனால் அதிலுள்ள இயற்பியல் அசல். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டர் வெந்நீரை 54 டிகிரியிலிருந்து 48-க்கு இறக்க, 10 டிகிரி குளிர்நீர் சுமார் 160 லிட்டர் ஊற்ற வேண்டும்; கரைசல் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். ஆவியாக்கியே ஆற வைத்தால் 10 லிட்டர் ஆவியாகிப் போனால் போதும். ஏனென்றால் நீர் ஆவியாகும்போது மிச்சமுள்ள நீரிடமிருந்து ஏராளமான வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. கரைசல் நீர்த்துப்போகாது, ஒரு விழுக்காடு அடர்த்தி கூடும், அவ்வளவுதான். பலகை செய்வது இரண்டு வேலை: அடிநீரை மேலே கொண்டுவருகிறது, மேற்பரப்பைக் கலைத்து ஆவியாதலை விரட்டுகிறது.

அப்படியும் நீர் 48 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். இந்தச் சூட்டில் சில நிமிடங்களிலேயே தோல் வெந்துபோகக்கூடும். பழைய முறையில், குளியல் தலைவர் ஒருவரின் கட்டளைப்படி எல்லாரும் ஒன்றாக இறங்கி, 3 நிமிடம் அசையாமல் இருந்து, ஒன்றாக ஏறுவார்கள். இறங்குவதற்கு முன் தலையில் முப்பது முறை வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். திடீரென மூழ்கினால் இரத்த அழுத்தம் தாறுமாறாக மாறி மயக்கம் வரலாம். உடலை முன்கூட்டியே பழக்குவது அதைக் குறைக்கும். அசையாதே என்பதற்கும் காரணம் இருக்கிறது. தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் உடலுக்குச் சூட்டைக் கொடுத்துத் தானும் கொஞ்சம் ஆறிவிடும். ஒருவர் கை ஆட்டினால் அந்தப் படலம் கலைந்து, பக்கத்தில் இருப்பவர் மேலும் புதுச் சூடு பாயும். கூட்டுக் கட்டுப்பாடு என்று தோன்றுவது வெப்பக் கடத்தலின் விதிதான்.

மருத்துவ குணங்களைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதையெல்லாம் நான் நம்பச் சொல்லமாட்டேன். இந்த அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது என்பது உண்மை. டோக்கியோவில் மருத்துவம் கற்பித்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊரை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். ஆனால் மெல்லிய தோல்காரர்களுக்கு எரிச்சல் வரும். அவர்கள் வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்வது நல்லது. வெள்ளி நகையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கந்தகம் கறுப்பாக்கிவிடும்.

குளித்து முடிந்த நீர் எங்கே போகிறது என்று பலரும் கேட்பதில்லை. யுகாவா ஆற்றில் கலக்கிறது. கீழே அகட்சுமா ஆறு வரை மீன் வாழாத நிலை முன்பு இருந்தது. பாலத்தின் இரும்பும் கான்கிரீட்டும் அரிக்கப்பட்டன, பாசனத்துக்கும் உதவவில்லை. 1964-இல் ஓர் ஆலை அமைத்து, சுண்ணாம்புக்கல் தூளை நீரில் கரைத்துப் பால்போல ஆற்றில் ஊற்றத் தொடங்கினார்கள். ஓடும் வழியிலேயே அமிலமும் சுண்ணாம்பும் வினைபுரிய, ஆறு ஷினாகி அணையில் வந்து தேங்கும். நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்த ஏரி பாற்பச்சையாகத் தெரியும். அமிலம் தீர்ந்ததும் இரும்பும் அலுமினியமும் வண்டலாகப் படிகின்றன. ஊற்று நீரிலிருந்த ஆர்செனிக்கும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். வண்டலை வாரி, நீரைப் பிழிந்து, மலையிலேயே புதைக்கிறார்கள். ஊற்று நிற்காததால் ஆலைக்கும் விடுமுறை கிடையாது: ஆண்டின் எல்லா நாளும், 24 மணி நேரமும் சுண்ணாம்பு ஓடுகிறது.